ஊசி வரிசையில் நிற்பவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நான் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. எங்கள் படைப்பிரிவு இன்னும் ஆறு வாரத்தில் ஒன்பது மாத வெளிப்பணிக்குக் கிளம்புகிறது. அதில் 46 பெண்கள். "போன இடத்தில் ஒருத்தி கர்ப்பமானாலும் எனக்கு ஆள் குறையும். எல்லாருக்கும் மூன்று மாத ஊசியைப் போட்டுவிடு" என்று கமாண்டர் வாய்மொழியாக உத்தரவு போட்டிருக்கிறார். கையெழுத்தான ஒப்புதல் படிவங்கள் என் மேஜைக்கு வந்துவிட்டன. எனக்கு முன் இருந்த மருத்துவர் ஏழு வாரத்துக்கு முன்பு, தடுப்பூசி போட்ட அன்றே, 11 பேருக்கு இதையும் போட்டிருக்கிறார். அவர்களில் சிலருக்கு அது என்ன ஊசி என்றே தெரியாது என்கிறார் எங்கள் நர்ஸ். நேற்று ஒரு பெண் தனியாக வந்து, "சார், எனக்கு வேண்டாம். ஆனா நான் வேண்டாம்னு சொன்னது வெளியே தெரியக் கூடாது" என்றார். அவருக்கு மட்டும் வெறும் உப்புநீரைப் போட்டுவிட்டு, மருந்து போட்டதாக ரெஜிஸ்டரில் எழுதிவிடலாமா? உத்தரவை மறுத்தால் என் வேலை என்ன ஆகும் என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

தம்பி,

உப்புநீர் யோசனையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நாளைக்கே நீங்கள் அதைச் செய்துவிடக் கூடும். செய்யாதீர்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அந்தப் பெண்ணின் மருத்துவப் பதிவில் ஒரு பொய் ஏறிவிடும். அந்தப் பொய் அவர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். மூன்று மாதம் கழித்து, எங்கோ ஒரு முகாமில், மாதவிடாய் தள்ளிப்போய் அடிவயிறு வலிக்கிறது என்று அவர் வேறொரு மருத்துவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மருத்துவர் பதிவைப் புரட்டுவார். கருத்தடை ஊசி போட்டாயிற்று என்று உங்கள் கையெழுத்தோடு இருக்கும். இந்த ஊசி போட்டவர்களுக்கு மாதவிடாய் தாறுமாறாவதும் நின்றுபோவதும் சகஜம்தானே என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். அது கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருந்தால், குழாய் வெடித்த பிறகுதான் தெரியவரும். அப்போது பக்கத்தில் அறுவைசிகிச்சை வசதி இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

அதோடு, நீங்கள் ஒருவரைத்தான் தப்பவைத்திருப்பீர்கள். ஏற்கெனவே ஊசி ஏறிய 11 பேர் போக, மீதி 34 பேர் அதே வரிசையில் நிற்பார்கள். பொய் வெளியே வந்த அன்று, நீங்கள் எதற்காக மறுத்தீர்கள் என்பது யாருக்கும் கேட்காது. பதிவைத் திருத்திய டாக்டர் என்ற பேர்தான் மிஞ்சும்.

இப்போது உங்கள் மேஜையில் இருக்கும் படிவங்கள். கையெழுத்து நிறைய இருக்கிறது, ஆனால் அதில் ஒரு ஒப்புதலாவது இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம். என்ன மருந்து, எதற்கு, உடம்பில் என்ன செய்யும், வேறு என்ன வழிகள் இருக்கின்றன என்பதெல்லாம் தெரிந்து, "வேண்டாம்" என்றாலும் தனக்கு ஒரு கேடும் வராது என்ற நிம்மதியோடு ஒருவர் சொல்லும் "சரி"தான் ஒப்புதல். ராணுவத்தில் இந்தக் கடைசிப் பகுதிதான் எப்போதும் இடிக்கும். படிவத்தை நீட்டியவர் மேலதிகாரி. விடுப்பு, பதவி உயர்வு, இரவுக் காவல் எல்லாம் அவர் கையில். கேள்வி கேட்காமல் செய் என்று பயிற்சியின் முதல் நாளிலிருந்து நாமே பழக்கிவிட்டு, ஒரு நாள் காலையில் மட்டும் "இது உன் இஷ்டம்" என்று ஒரு தாளை நீட்டினால் எந்தப் பெண் நம்புவாள்? உங்களிடம் தனியாக வந்தவர் நம்பவில்லை. அதனால்தான் தன் பேர் வெளியே வரக் கூடாது என்கிறார். படிவத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும்.

எனக்கும் அப்படி ஒரு வரிசை ஞாபகம் இருக்கிறது. பணியில் சேர்ந்த நான்காம் வருடம். நீளமான மேஜை, இடது பக்கம் தடுப்பூசி ட்ரே, வலது பக்கம் இந்த ஊசி. குப்பிக்குள் வெள்ளையாக அடியில் தங்கியிருக்கும் மருந்து, ஒவ்வொன்றையும் நன்றாகக் குலுக்கினால்தான் கலக்கும். காலையிலிருந்து குலுக்கி என் மணிக்கட்டு வலித்தது. ஒரு பெண், இருபத்திரண்டு வயது இருக்கும், சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "மேடம், இது எந்த நோய்க்கு?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள். "கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் போட்டுக்கணும்மா" என்றேன். நான் சொன்னது பொய் இல்லை. அவள் கேட்டதற்குப் பதிலும் இல்லை. ஊசி ஏறிவிட்டது. பஞ்சை அழுத்திக்கொண்டு "தேங்க்ஸ் மேடம்" என்று நகர்ந்தாள். அந்தப் பயணம் முடிவதற்குள் இன்னும் இரண்டு முறை போட்டார்கள்.

முதல் ஊசிக்கு ஒன்றரை வருடம் கழித்து அவள் கணவனோடு என்னைப் பார்க்க வந்தாள். திரும்பி வந்ததிலிருந்து குழந்தைக்காகக் காத்திருக்கிறார்கள். இரண்டு இடத்தில் பரிசோதனை செய்திருக்கிறார்கள், தனக்குத்தான் ஏதோ குறை என்று அவள் முடிவே கட்டியிருந்தாள். பழைய ரெஜிஸ்டரை எடுத்து, தேதிகளைப் பார்த்து, விஷயத்தைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அன்னைக்கே கேட்டேனே மேடம்" என்றாள், அவ்வளவுதான். உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதக் காரணம் அவள்தான்.

மருந்தைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். ஒருமுறை சிப்பாயின் உடம்பை மனதில் வைத்துக்கொண்டு திரும்பப் பாருங்கள். மெட்ராக்ஸிப்ரொஜெஸ்டிரோன், 150 மில்லிகிராம், 12 முதல் 13 வாரத்துக்கு ஒருமுறை. தானாக விரும்பிப் போட்டுக்கொள்கிறவருக்கு நல்ல மருந்துதான். தினமும் மாத்திரையை ஞாபகம் வைக்க வேண்டாம், பலருக்கு மாதவிடாயே நின்றுவிடும், களத்தில் அது பெரிய சௌகரியம். ஆனால் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திவிடலாம், காப்பர் டி-யையும் கையில் வைக்கும் உள்வைப்பையும் எடுத்துவிடலாம். உள்ளே போன ஊசியை எடுக்க வழியில்லை. கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கப் பாதிப் பேருக்குப் பத்து மாதத்துக்கு மேல் ஆகிறது, சிலருக்கு இரண்டு வருடமும் தாண்டும். எலும்பின் அடர்த்தி குறைவது பற்றி 2004-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்த மருந்துக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை ஏற்றியது. நிறுத்தினால் பெரும்பாலும் அடர்த்தி திரும்பும் என்றாலும், முதுகில் மூட்டையோடு மைல் கணக்கில் நடக்கும், கால் எலும்பில் நுண்முறிவு விழும் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை யோசிக்காமல் மொத்தமாகப் போட முடியுமா? மார்பகப் புற்றுநோய் இருந்தவர், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர் போன்றவர்களுக்கு இது ஆகாது. வரிசையில் நிற்கவைத்துப் போடும்போது அதை யார் கேட்கிறார்கள்?

உங்கள் கமாண்டர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. 46 பேரில் இருவர் திரும்ப வேண்டிவந்தால் அந்த வேலையை யார் செய்வது என்ற கவலை அவருக்கு நிஜமானது. அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். முதலில் வருவது: "தடுப்பூசிக்கு மட்டும் உத்தரவு போடலாம், இதற்குப் போடக் கூடாதா?"

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள், நியாயமான கேள்வி. தடுப்பூசி, போட்டுக்கொள்கிறவரையே ஒரு நோயிலிருந்து காக்கிறது. ஒரே கூடாரத்தில் படுக்கும் இருபது பேரையும் சேர்த்துக் காக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி போடப்படுகிறது. கர்ப்பம் நோயும் இல்லை, பக்கத்துக் கட்டிலுக்குத் தொற்றுவதும் இல்லை. இங்கே ஊசி போடப்படுவது அந்தப் பெண்ணின் நலத்துக்காக இல்லை, ஆள் கணக்குக்காக. அதிலும் கர்ப்பத்துக்குக் காரணமாகிற இருவரில் ஒருவர் உடம்பில் மட்டும். இன்னொன்றையும் சொல்லுங்கள்: தடுப்பூசி விஷயத்திலேயே உத்தரவுக்கு எல்லை உண்டு. அமெரிக்க ராணுவம் 1998-ல் ஆந்த்ராக்ஸ் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. மூச்சு வழியாக வரும் ஆந்த்ராக்ஸுக்கு அந்த ஊசி முறையாக அங்கீகரிக்கப்படவில்லை என்று சிப்பாய்கள் வழக்குப் போட்டார்கள். 2004-ல் கூட்டாட்சி நீதிமன்றம், ஒப்புதல் இல்லாமல் போடக் கூடாது என்று நிறுத்தியது. வளைகுடாப் போரின்போது சோதனை நிலை மருந்துகளைச் சிப்பாய்களின் சம்மதம் கேட்காமல் கொடுத்தது பெரிய சர்ச்சையாகி, அதன் பிறகு அப்படிப்பட்ட மருந்துக்குச் சம்மதத்தைத் தள்ளிவைக்கும் அதிகாரத்தை அந்நாட்டுச் சட்டம் ஜனாதிபதி ஒருவரிடம் மட்டும் விட்டது. எந்தக் கமாண்டரிடமும் விடவில்லை.

அடுத்தது ஆள் குறையும் என்ற வாதம். 2004 முதல் 2007 வரை இராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து மருத்துவக் காரணத்துக்காக வெளியேற்றப்பட்ட 34,006 பேரின் கணக்கு லான்செட் இதழில் வந்திருக்கிறது. அதில் முதலிடம் தசை, மூட்டு, எலும்புக் கோளாறுகளுக்கு, 24 சதவீதம். போர்க் காயமே 14 சதவீதம்தான். முழங்காலும் முதுகும்தான் ஆட்களைக் குறைக்கின்றன. அதற்காக யாருடைய முதுகிலும் முன்கூட்டியே கத்தி வைப்பதில்லை. ஆள் மாற்றுத் திட்டம் போட்டு வைக்கிறோம். கர்ப்பத்துக்கும் அதே திட்டம் போதும்.

"சரி, அப்படியானால் கர்ப்பமானால் தண்டனை என்று அறிவித்துவிடுகிறேன்" என்று அவர் அடுத்த படிக்குப் போனால், அதுவும் நடந்து பார்த்த கதைதான் என்று சொல்லுங்கள். 2009 நவம்பரில் வட இராக்கில் இருந்த அமெரிக்கத் தளபதி ஒருவர், களத்தில் கர்ப்பமாகிற பெண்ணும் அதற்குக் காரணமான ஆணும் ராணுவ நீதிமன்ற விசாரணைக்கு உள்ளாகலாம் என்று உத்தரவு போட்டார். எதிர்ப்புக் கிளம்பியது. 2010 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த புதிய உத்தரவில் அந்தப் பகுதியே இல்லை. அதற்கும் முன்னால், 1970-ல் வியட்நாமில் பணியாற்றிய சூசன் ஸ்ட்ரக் என்ற விமானப்படை நர்ஸ் கேப்டனிடம், கருவைக் கலை, இல்லையென்றால் வேலையை விடு என்றார்கள். அவர் இரண்டுக்கும் மறுத்து வழக்காடினார், அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க். தீர்ப்பு வரும் முன்பே, 1972-ல், விமானப்படை தன் முடிவிலிருந்து பின்வாங்கியது. 1975-ல் கர்ப்பத்துக்காகக் கட்டாயமாக வெளியேற்றும் விதியே போனது.

கமாண்டரிடம் நீங்கள் அவசியம் சொல்ல வேண்டியது இனிமேல் வருவது. எல்லாருக்கும் ஊசி போட்டுவிட்டால் கர்ப்பம் வராது. ஆனால் வன்முறை நடந்திருந்தால் அதுவும் வெளியே தெரியாமல் போகும். முகாமில் ஒரு பெண்ணைச் சக சிப்பாயோ அதிகாரியோ பலவந்தப்படுத்தினால், வெளியே தெரியக்கூடிய ஒரு அடையாளத்தை நாமே முன்கூட்டி அழித்துக் கொடுத்தவர்கள் ஆகிறோம். பால்வினை நோயையும் இந்த ஊசி தடுக்காது. கொலம்பியாவில் ஃபார்க் கிளர்ச்சிப் படையில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். ஹெலினா என்ற மாற்றுப்பெயரில் நீதிமன்றம் குறிப்பிடும் பெண்ணை 14 வயதில் படையில் சேர்த்தார்கள். கட்டாயக் கருத்தடை, பிறகு கட்டாயக் கருக்கலைப்பு. படையில் இருந்தவள்தானே என்று அவரைப் பாதிக்கப்பட்டவராகப் பதிவு செய்யவே முதலில் மறுத்தார்கள். 2019-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், சொந்தப் படையே தன் உறுப்பினருக்கு இப்படிச் செய்ததும் வன்கொடுமைதான் என்று ஏற்று, அவரைப் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. அங்கே இதையெல்லாம் செய்த கைகளில் மருத்துவப் பயிற்சி பெற்றவர்களின் கைகளும் இருந்தன. நாம் பார்க்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.

ஒரு மூன்று மாத ஊசியை இதோடெல்லாம் ஒப்பிடுவது அதிகம் என்று உங்களுக்குத் தோன்றலாம். அளவில் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டாயக் கருத்தடையின் வரலாற்றில் பெரும்பகுதி கொடியவர்கள் கத்தியோடு வந்து செய்தது இல்லை. வழக்கமான வேலைநாளில், ரெஜிஸ்டரும் இலக்கும் வைத்துக்கொண்டு, சாதாரண மருத்துவர்கள் செய்தது. இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைசிகிச்சைகள் நடந்தன. இலக்கை எட்டாத ஊழியருக்குச் சம்பளம் நிற்கும் என்ற நிலையில், ஒப்புதல் என்பது விரல்ரேகை வாங்கும் வேலையாகிவிட்டது. கிரீன்லாந்தில் 1966 முதல் 1970 வரை சுமார் 4,500 பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் டேனிஷ் மருத்துவர்கள் கருத்தடைச் சாதனம் வைத்தார்கள். பலருக்குத் தங்கள் உடம்பில் என்ன இருக்கிறது என்றே சொல்லப்படவில்லை. டென்மார்க் அரசு மன்னிப்புக் கேட்டது 2025-ல். "இது எந்த நோய்க்கு?" என்று அங்கேயும் யாராவது கேட்டிருப்பார்கள்.

உங்கள் பக்கம் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆயுத மோதல் காலத்திலும் மருத்துவ அறம் சமாதான காலத்தில் உள்ளதுதான், வேறு இல்லை என்று உலக மருத்துவச் சங்கம் 1956-லேயே சொல்லிவிட்டது. ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977-ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறை, 16-ஆம் பிரிவு, மருத்துவப் பணி செய்கிறவரை மருத்துவ அறத்துக்கு மாறான செயலைச் செய்யும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அது நாடுகளுக்கு இடையிலான போருக்கு எழுதப்பட்டது, உங்கள் முகாம் விவகாரத்துக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் போர்க்களத்திலேயே கட்டாயப்படுத்தக் கூடாததை, புறப்படுவதற்கு ஆறு வாரம் இருக்கும்போது எப்படிக் கட்டாயப்படுத்துவது? எத்தனை குழந்தைகள், எவ்வளவு இடைவெளியில் என்பதைச் சுதந்திரமாக முடிவுசெய்யும் உரிமை பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் 1979 உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. சீருடை போட்டவருக்கு விதிவிலக்கு என்று அதில் எங்கும் இல்லை.

சரி, நாளைக் காலையில் என்ன செய்வது?

கமாண்டரைத் தனியாகப் பாருங்கள். எல்லார் முன்னாலும் மறுத்தால் அவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும், பிறகு மருந்தைப் பற்றிப் பேச்சே நடக்காது. "இந்த உத்தரவை நான் செய்ய மாட்டேன்" என்று ஆரம்பிக்காமல், "கிளம்பும்போது எல்லாரும் தகுதியோடு கிளம்ப வேண்டும் என்பது உங்கள் கவலை, அதற்கு என் திட்டம் இது" என்று ஆரம்பியுங்கள். திட்டத்தை எழுதியே கொண்டுபோங்கள், அரைப் பக்கம் போதும். நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: "கருத்தடை, ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டிய சிகிச்சை. 46 பேரையும் தனித்தனியாகப் பார்த்துப் பயணத்துக்கு முந்தைய ஆலோசனை தருவேன். விரும்புகிறவர்களுக்கு ஏற்ற முறையைத் தருவேன். யார் எதை ஏற்றார், எதை மறுத்தார் என்பது மருத்துவ இரகசியம். பணிக்குத் தகுதி உண்டா இல்லையா என்பது மட்டும் பிரிவுக்குத் தெரிவிக்கப்படும். இப்போது வந்துள்ள படிவங்களை மருத்துவ ஒப்புதலாக ஏற்க இயலவில்லை." தேதி, கையெழுத்து. ஒரு நகல் மருத்துவப் பிரிவில் உங்களுக்கு மேலே இருக்கும் அதிகாரிக்கு. வாய்மொழி உத்தரவை எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். எழுத்தில் தரச் சொன்னவுடனேயே பல உத்தரவுகள் ஆறிப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் தனியாக வந்த பெண்ணுக்கான வழியும் இதிலேயே இருக்கிறது. 46 பேரையும் கூப்பிடுகிறீர்கள் அல்லவா? எல்லாருக்கும் கதவை மூடி இருபது நிமிடம். வேண்டாம் என்பவருக்கும் அதே இருபது நிமிடம், ஊசி கேட்பவருக்கும் அதே. வெளியே காத்திருப்பவர்கள் கண்ணில் வித்தியாசம் எதுவும் படக் கூடாது. ஊசியை அந்த அறையிலேயே போடுங்கள், வெளியே ட்ரே வைக்காதீர்கள். பிரிவுக்குப் போகும் பட்டியலில் எல்லார் பெயருக்கு நேராகவும் ஆலோசனை முடிந்தது, தகுதி உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். அவர் கேட்டது ஒரு மறைவிடம். எல்லாருக்கும் பொதுவான ஒழுங்கிலேயே அது கிடைத்துவிடுகிறது, பொய் எழுத வேண்டிய தேவையும் இல்லை. மொத்தம் பதினைந்து மணி நேரம் சொச்சம். தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் எட்டு நாளில் முடிந்துவிடும். நீங்கள் ஆண் என்பதால், நர்ஸ் கூட இருக்கட்டுமா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், அவரோடு மட்டும் பேச விரும்பினால் அதற்கும் இடம் கொடுங்கள்.

அந்த இருபது நிமிடத்தில் எல்லா முறைகளையும் மேஜை மேல் வையுங்கள்: மாத்திரை, ஊசி, உள்வைப்பு, காப்பர் டி, ஆணுறை, எதுவும் வேண்டாம் என்பதையும் சேர்த்து. ஒன்பது மாதம் மாதவிடாய்த் தொல்லை இல்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கு மனதார உதவி செய்யுங்கள். கட்டாயத்தை எதிர்க்கிறேன் என்று கருத்தடையையே தள்ளிப்போட்டு, கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதும் தப்புதான். ஒற்றைத் தலைவலியின்போது கண்ணில் மின்னல் தெரிகிறதா, இரத்தம் உறைந்த வரலாறு உண்டா, புகைப்பழக்கம் உண்டா என்பதை மாத்திரை கொடுக்கும் முன் கேளுங்கள். தட்டம்மைத் தடுப்பூசி மாதிரி உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசியானால் ஒரு மாதம் கர்ப்பம் தவிர்க்கச் சொல்ல வேண்டும். கருவைப் பாதிக்கும் மருந்தில் இருப்பவரிடமும் சொல்ல வேண்டும். இதெல்லாம் மருத்துவ அறிவுரை, காரணத்தைச் சொன்னால் அவர்களே முடிவெடுப்பார்கள். பிரிவின் ஆண்களுக்கும் ஒரு வகுப்பு எடுங்கள், ஆணுறையைப் பற்றியும் சம்மதத்தைப் பற்றியும். கமாண்டரையும் அதில் உட்காரச் சொல்லுங்கள்.

உங்கள் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். ஒன்றும் ஆகாது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆண்டு அறிக்கையில் ஒரு கசப்பான வரி விழலாம், வேறு இடத்துக்கு மாற்றலாம். அதனால்தான் தனியாக நிற்காதீர்கள் என்கிறேன். மருத்துவப் பிரிவு மேலதிகாரியிடம் இந்த வாரமே பேசுங்கள். ராணுவச் சட்டப் பிரிவில் இருப்பவரிடம், இப்படி ஒரு உத்தரவு சட்டப்படி செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். தேதி போட்டு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கூட்டிப் பாருங்கள்: சீருடையை என்றாவது கழற்றிவிடுவீர்கள், மருத்துவர் என்ற பதிவு எண் கடைசி வரை உங்களோடு வரும். ஒப்புதல் இல்லாமல் போட்ட ஊசிக்கு நாளை கேள்வி வந்தால், கமாண்டர் சொன்னார் என்ற பதிலை எந்த மருத்துவக் கவுன்சிலும் ஏற்காது.

கடைசியாக அந்த 11 பேர். நீங்கள் என்னிடம் நேரடியாகக் கேட்காவிட்டாலும், கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்தியது அதுதான். அவர்களிடம் சொல்லியாக வேண்டும். முன்னவர் செய்ததுதானே, நான் ஏன் கிளற வேண்டும் என்று தோன்றும். ஆனால் இப்போது அவர்கள் உங்கள் நோயாளிகள். இரண்டு மாதமாக விட்டு விட்டு இரத்தம் படுவது ஏன் என்று தெரியாமல் யாராவது பயந்துகொண்டிருக்கலாம். தனியாக, உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: "அன்று உங்களுக்குப் போட்ட ஊசிகளில் ஒன்று கருத்தடை ஊசி. அதை உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை என்றால் அது எங்கள் தவறு, மன்னியுங்கள்." பிறகு அமைதியாக இருங்கள். அவர்கள் அழலாம், திட்டலாம், "பரவாயில்லை சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். ஊசி போடும் முன் கர்ப்பப் பரிசோதனை செய்தார்களா என்று பாருங்கள், செய்யவில்லை என்றால் இப்போது செய்துகொள்கிறீர்களா என்று கேளுங்கள். ஆகாதவர்கள் யாருக்காவது போட்டிருக்கிறார்களா என்று வரலாற்றைக் கேளுங்கள். குழந்தைக்குத் திட்டமிட்டிருப்பவரிடம் பத்து மாதக் கணக்கை மறைக்காமல் சொல்லுங்கள். புகார் கொடுக்க விரும்பினால் எங்கே கொடுப்பது என்று சொல்லி, அவர்களுடைய பதிவின் நகலைக் கையில் கொடுங்கள். முன்னவரைக் காப்பாற்றும் வார்த்தை ஒன்றும் வேண்டாம், பழிக்கும் வார்த்தையும் வேண்டாம்.

ஏழு வாரம் ஓடிவிட்டது என்கிறீர்கள். அவர்களுக்கு அடுத்த ஊசிக்கான நாள் இன்னும் ஐந்து வாரத்தில், நீங்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வந்துவிடும். எட்டு நாள் ஆலோசனையில் இந்த 11 பேரை முதல் இரண்டு நாளிலேயே கூப்பிடுங்கள்.